கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும்

போனுக்குள் இருப்பவள் சொல்கிறாள்:
இப்போது ஓடுங்கள். ஒரு நிமிடம்.
நாற்பத்தாறு வயதில் ஒரு நிமிடம்
இத்தனை நீளமென்று யாரும் சொல்லவில்லை.
மாந்தோப்பு வேலி முடிவதற்குள்
நெஞ்சு வாய்க்கு வந்துவிடுகிறது.

ஐந்தரை மணி.
சித்தூர்க் கள்ளு வண்டிகள் புளித்த வாசனையோடு தாண்டிப் போகின்றன.
பிள்ளையைத் தனியே வீட்டில் விடக்கூடாதென்று
பாலக்காட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
அதனால் ஷெரினும் வருகிறாள்,
பக்கத்து வீட்டுப் பையன் விட்டுப்போன சைக்கிளில்.
என் வேகத்துக்கு மிதித்தால் சைக்கிள் விழுந்துவிடுமாம்;
முன்னே போய்ப் போய் நிற்கிறாள்.

வந்தது ஆனிக் காற்றில்.
ஜீப்பிலிருந்து இறங்கியதும் கேட்டாள்,
கடல் எந்தப் பக்கம்?
மேற்கே, கணவாயைக் காட்டினேன்.
அன்று ராத்திரி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாள்,
ஷூவைக் கழற்றாமல்.

என் மலையாளம் கரண்ட் ஆபீஸ் மலையாளம்.
பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்,
ஃபியூஸ் பிடுங்க யார் வருவார்கள்,
இருபது வருஷமாய்ச் சரளம்.
ஒரு பிள்ளைக்குச் சிக்கெடுக்கும்போது சொல்வதற்கு
அதில் ஒரு சொல்லும் இல்லை.
தமிழில் சொன்னேன்: அசையாதே கண்ணு.
ஒன்பது வயசுக்காரி
பின்னல் முடியும்வரை
கண்ணை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

என்னை எதுவும் கூப்பிடுவதில்லை.
'தே' என்பாள். இதோ பார் என்று அர்த்தம்.
தே, பால் பொங்குது.
தே, பல்லி.
யாரோ என் பெயரைச் சொன்ன மாதிரி
தேக்குத் திரும்பப் பழகிவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் அவள் பை, ஜிப் போட்டபடி.
நான் திறந்ததில்லை.
பொய். ஒருமுறை திறந்தேன்.
இரண்டு கவுன், பிரஷ், பேஸ்ட்,
ஒரு ரப்பர் பேண்டுக்குள் பழைய பஸ் டிக்கெட்டுகள்.

மூன்றாவது வாரம்,
மைல்கல்லைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தாள்.
யாராவது துரத்தறாங்களா?
இல்லை.
எங்கே போகணும்?
எங்கேயும் இல்லை. செக்போஸ்ட் போய்த் திரும்பணும்.
திரும்பவா?

முன்பிருந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஓடியவள்.
சேர்த்தலை பஸ் ஸ்டாண்டு வரை ஒருமுறை.
இன்னொரு முறை எதுவரை என்று காகிதத்தில் இல்லை.
எந்த நாய் குரைப்பதோடு நிற்கும்,
விலா குத்தினால் எங்கே அழுத்த வேண்டும்,
எல்லாம் தெரிந்தவள்.
இது மட்டும் புதிது அவளுக்கு.
சிரித்தாள். இங்கே வந்து முதல் சிரிப்பு,
என் கிறுக்குத்தனத்தைப் பார்த்து.

செக்போஸ்டில் கோழி லாரிகளின் சக்கரத்துக்கு மருந்தடிக்கிறார்கள்.
டீக்கடைக்காரர் கேட்டார், மகளா?
எனக்கு மூச்சு வாங்கியது.
அவள்தான் சொன்னாள்: தங்கியிருக்கேன்.

மார்கழியில் விசாரணை.
அவள் அம்மாவுக்குத் தேறி வருகிறதாம்.
தேறட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், சத்தமாக.
காகிதத்தில் தற்காலிகம் என்றொரு சொல்.
ஆபீசில் நானே எத்தனை கொடுத்திருப்பேன்,
கல்யாணப் பந்தலுக்கு, தேருக்கு, தற்காலிக இணைப்பு.
மீட்டர் வேறு, கட்டணம் கூடுதல்.
பல்பு அதே மாதிரிதான் எரியும்.

நேற்று நிற்காமல் ஐந்து நிமிடம்.
போன் அவள் கையில்தான் இருந்தது.
நாலரையிலேயே போதும் என்று கத்தினாளோ என்னவோ,
நான் கேட்கவில்லை.

இன்றைக்கு என் டம்ளரில் அவள் பிரஷ் நின்றது.
முந்தாநாளும் நின்றது; நேற்று பைக்குள் போய்விட்டது.
நான் எண்ணுவதில்லை.

இப்போது ஓடுங்கள் என்கிறாள் போன்காரி.
தே, என்கிறாள் இவள்,
லேஸ் அவிழ்ந்திருக்கு.
யாருடையதென்று
இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறோம்.